தொடுவானம் ஒன்றல்ல: திருகோணமலையில் ஐந்து நாள்

நாள் 1, மார்ச் 20: டச்பே, கோணேசர் மலை

இந்தப் பயணத்துக்குப் பெரிய மூட்டை வேண்டாம். இடுப்பளவு உயரத்தில் இரண்டு குச்சி, பத்து மீற்றர் நாடா, ஒரு பைனாகுலர், ஒரு சாப்பாட்டுத் தட்டு. தட்டின் வேலை மூன்றாம் நாள்தான்.

காலை 5.45க்கு டச்பே மணலில் இறங்கவேண்டும். முதல் குச்சியைக் கண் குச்சி என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்து நாளும் அசையக்கூடாது. அலை ஏறும் ஈர மணலில் நட்டால் இரவோடு இரவாகப் போய்விடும். அடம்பன் கொடி படரும் மேட்டு மணலில் அரை மீற்றர் ஆழத்துக்கு இறக்குங்கள். அதிலிருந்து கடல் பக்கமாக நாடா பிடித்துச் சரியாகப் பத்து மீற்றரில் குறிக் குச்சி. சூரிய வட்டின் அடி தண்ணீரை விட்டுக் கழரும் கணத்தில், கண் குச்சி, குறிக் குச்சி, சூரியன் மூன்றும் ஒரே கோட்டில் வரவேண்டும்.

இன்று பகலும் இரவும் ஏறக்குறையச் சமமான நாள். சூரியன் நேர் கிழக்கில், 6.09 அளவில் தலை காட்டும். மேல் விளிம்பு தெரிவதற்கும் அடி விளிம்பு கழருவதற்கும் இடையில் 2 நிமிடம் 10 செக்கன். அந்த நேரத்துக்குள் குச்சியைத் தள்ளிச் சரிப்படுத்தவேண்டும். பிந்தினால் பிழைதான். இந்த அகலக்கோட்டில் சூரியன் நட்டுக்குத்தாக ஏறுவதில்லை, 8 பாகைக்கு மேல் வலப்பக்கம் சரிந்து ஏறும். இரண்டு நிமிடம் பிந்திக் குறி வைத்தால் குச்சி 1.3 சென்ரிமீற்றர் வலப்பக்கம் விலகிவிடும். கண் கூசத் தொடங்கியதும் பார்ப்பதை விட்டுவிடுங்கள். சூரியனைப் பைனாகுலரால் பார்க்கவே கூடாது.

நாளை இதே வேளைக்கு வந்து குறிக் குச்சியைத் திரும்பவும் நேர்ப்படுத்தினால், அது இடப்பக்கம், அதாவது வடக்கே, 7 சென்ரிமீற்றர் நகர்ந்திருக்கும். இந்த வேகம் மார்ச்சிலும் செப்டெம்பரிலும் மட்டும்தான். ஜூன் 21ஐ நெருங்க நெருங்க நகர்வு மில்லிமீற்றர் கணக்குக்கு இறங்கி நின்றுவிடும். அப்போது குச்சி இன்றைய இடத்திலிருந்து 4 மீற்றர் 40 சென்ரிமீற்றர் வடக்கே நிற்கும்.

குச்சிக்கு ஓர் அடையாளக் கல் வைத்துவிட்டு, பிரெட்ரிக் கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் மலைக்கு. 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் ஆங்கிலேயரிடம் வந்தது. வழியில் மான்கள் நிற்கும். பொலித்தீன் பையோடு போனால் பின்னாலேயே வரும், கொடுக்காதீர்கள். கோயில் திறக்கும் நேரத்தை முதல்நாளே கேட்டு வைப்பது நல்லது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழக்குப் பக்கச் சுவரோரம் நின்றால் வேறு கரையே இல்லாத கடல். அந்தக் கோட்டுக்கு என்ன பெயர்?

அடிவானம் என்பார்கள், தொடுவானம் என்பார்கள். கீழ்வானம் என்றும் சொல்வார்கள். கிரேக்கத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போன ஹொரைசன் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் எல்லை வகுக்கும் வட்டம். நம்முடைய தொடுவானம் வேறு வழியால் வருகிறது. வானம் கடலைத் தொடும் இடம் என்று நினைத்து வைத்த பெயர். வானம் எங்கேயும் எதையும் தொடுவதில்லை. ஆனால் அங்கே ஒன்று தொடத்தான் செய்கிறது: நமது கண்ணிலிருந்து புறப்படும் பார்வைக் கோடு கடலின் வளைந்த முகத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டு போகிறது. கணித வகுப்பில் அதற்குப் பெயர் தொடுகோடு. பெயர் வைத்தவர் நினைத்தது ஒன்று, பெயர் பொருந்துவது வேறொன்றுக்கு. ஆனாலும் பொருந்துகிறது.

தொடுகோடு என்று கண்டுவிட்டால் கணக்கும் கைக்கு வந்துவிடும். பூமியின் ஆரை 6371 கிலோமீற்றர். கண்ணின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடும் புள்ளிக்குள்ள தூரம் கிலோமீற்றரில் வரும். காற்றில் ஒளி கொஞ்சம் கீழ்நோக்கி வளைவதால் உண்மையில் அதைவிடச் சற்றுத் தூரம் தெரியும். அதற்கு 3.57க்குப் பதில் 3.86. கடற்கரையில் நிற்பவருக்குக் கண் உயரம் 1.6 மீற்றர் என்றால் 4.9 கிலோமீற்றர். மலையில் நிற்பவருக்குக் கணக்கு வசதிக்காக 100 மீற்றர் வைத்தால் 38.6 கிலோமீற்றர். டச்பேயில் நிற்பவரும் மேலே நிற்பவரும் ஒரே கடலைப் பார்த்தாலும் ஒரே கோட்டைப் பார்க்கவில்லை.

இன்னொரு விசயம் பலருக்குத் தெரியாது. உயரம் ஏற ஏறத் தொடுவானம் கண் மட்டத்துக்குக் கீழே இறங்கும். ஒரு பாகையை 60 கலையாகப் பிரித்தால், இறக்கம் உயரத்தின் வர்க்கமூலத்தின் 1.76 மடங்கு கலை. 100 மீற்றரில் 17.6 கலை, அதாவது சூரிய வட்டின் பாதிக்குச் சற்றுக் கூட. அதனால் மேலே நிற்பவர் கரையில் நிற்பவரை விட ஏறக்குறைய ஒரு நிமிடம் முந்திச் சூரியனைக் காண்பார். கீழே ஒருவரை நிறுத்திக் கைபேசியில் பேசிக்கொண்டே இதைச் சரிபார்க்கலாம்.

செக்ஸ்டன்ட் என்பது சூரியனோ நட்சத்திரமோ நிற்கும் உயரக் கோணத்தை அளக்கும் மாலுமிக் கருவி. அதைப் பிடிப்பவருக்கு இது விளையாட்டில்லை. அகலக்கோட்டில் ஒரு கலை பிழைத்தால் கடலில் ஒரு கடல்மைல், 1852 மீற்றர். 100 மீற்றர் உயரத்தில் நின்று சூரியனை அளந்து, இறக்கத்தைக் கழிக்க மறந்தால் இடம் 33 கிலோமீற்றர் தவறும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. இங்கிருந்து எடுத்த படங்களில் கடல் வில்லாக வளைந்திருந்தால் அது பூமியின் வளைவில்லை, கமராக் கண்ணாடியின் குணம். 60 பாகை அகலத்தை 6000 புள்ளியில் பிடித்தால் இந்த உயரத்தில் உண்மை வளைவு நாலு புள்ளிதான். கோட்டைப் படத்தின் நட்டநடுவில் வைத்து எடுங்கள். கண்ணாடி வளைப்பது ஓரங்களில்தான், நடுவே போகும் கோட்டை அது தொடாது.

நாள் 2, மார்ச் 21: நிலாவெளி

குச்சி 7 சென்ரிமீற்றர். சரி. அங்கேயிருந்து பஸ்ஸில் நிலாவெளி.

கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் புறாமலை. 2003இல் தேசிய பூங்காவாக்கினார்கள். பவளம் பார்க்கப் போகும் கூட்டத்தோடு படகேறுமுன் கரையில் நின்று ஒன்றைப் பாருங்கள். புறாமலையின் அடிக்கோடு, அதாவது தண்ணீர் பாறையில் முட்டும் கோடு, தொடுவானக் கோட்டுக்குக் கீழே நிற்கிறதா, மேலேயா? கீழே. நமது தொடுவானம் 4.9 கிலோமீற்றரில் இருக்க, மலை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. வித்தியாசம் சூரிய வட்டின் பத்தில் ஒன்றுதான், பைனாகுலர் தேவைப்படும். ஒரு பொருளின் அடி கோட்டுக்குக் கீழே இருந்தால் அது தொடுவானத்துக்கு இந்தப் பக்கம். அடி தெரியாமல் தலை மட்டும் தெரிந்தால் அந்தப் பக்கம். கரைக்கு வரும் வள்ளத்தில் முதலில் ஆள் தலையும், பிறகு உடம்பும், கடைசியில் வள்ளமும் தெரிவது இதனால்தான்.

மறைந்தது எவ்வளவு என்றும் சொல்லலாம். கடலில் 25 கிலோமீற்றர் வெளியே, கண் 2 மீற்றர் உயரத்தில் இருக்க ஒருவர் கோணேசர் மலையைப் பார்க்கிறார். அவருடைய தொடுவானம் 5.5 கிலோமீற்றர். மிச்சம் 19.5. அதை 3.86ஆல் வகுத்து வர்க்கித்தால் 25.5. மலையின் அடி 25 மீற்றர் கடலுக்குள் போய்விட்டது. மேலே உள்ளது தெரியும்.

வெளிச்சவீட்டுக்கும் இதே கணக்கு, ஆனால் இரண்டு தொடுவானத்தைக் கூட்டவேண்டும். விளக்கு கடல் மட்டத்துக்கு 30 மீற்றர் மேலே, கண் 2 மீற்றர் என்றால் 26.6 கிலோமீற்றர். அதற்கு அப்பால் பல்பு எவ்வளவு பெரிதானாலும் நேராகத் தெரியாது, மேகத்தில் விழும் ஒளித்திட்டுத்தான் தெரியும். ராடருக்கு இது இன்னும் கொஞ்சம் எட்டும், வானொலி அலை ஒளியை விடக் கூட வளைவதால் பெருக்கும் எண் 4.12.

ஒரே காலையில் இரண்டு உதயம் பார்க்கும் வித்தை ஒன்று உண்டு. நின்றபடி சூரியனின் முதல் கீற்றைக் கண்டதும் சட்டென்று மணலில் குப்புறப் படுத்துவிடுங்கள். கண் 20 சென்ரிமீற்றரில் இருந்தால் தொடுவானம் 1.7 கிலோமீற்றருக்குச் சுருங்கும், சூரியன் மறையும், ஆறு செக்கனில் திரும்ப எழும். சொல்ல லேசு, நிலாவெளியில் பெரும்பாலும் பிழைக்கும். கரைக்கு வரும் அலையின் முகடு 20 சென்ரிமீற்றரை விட உயரமானால் அந்த முகடுதான் உங்கள் தொடுவானம். சித்திரைக்குப் பின் கடல் படுத்திருக்கும் காலையில் முயலுங்கள். வாடை அடிக்கும் மார்கழியில் எண்ணிக்கூடப் பார்க்கவேண்டாம்.

காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். 3.86 என்பது சராசரிக் காற்றுக்கு. கச்சான் வீசும் மாதங்களில் தரையிலிருந்து வரும் சூடான காற்று, அதைவிடக் குளிர்ந்த கடல்மேல் படியும். ஒளி கூட வளையும், தொடுவானம் தூரப்போகும், சில வேளை அப்பால் இருக்கும் கப்பல் உயர்ந்து நீண்டு தெரியும். தண்ணீர் காற்றை விடச் சூடாக இருந்தால் எதிர்மாறு: கோடு கிட்ட வரும், தூரத்து வள்ளங்கள் தண்ணீரை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும், கீழே தலைகீழாக ஒரு பிம்பமும் தொங்கும். அந்த மாதிரி நாளில் செக்ஸ்டன்ட் அளவை நம்பவேண்டாம்.

நாள் 3, மார்ச் 22: உள்துறைமுகம்

திருகோணமலையின் உள்துறைமுகம் புயலுக்கு ஒதுங்க நல்ல இடம். தொடுவானம் தேட உதவாத இடம். நாலு பக்கமும் நிலம். கப்பல்தளத்தில் 5 மீற்றர் உயரத்தில் நின்று ஒரு கிலோமீற்றரில் உள்ள எதிர்க்கரையின் நீர்க்கோட்டைத் தொடுவானம் என்று எடுத்துச் சூரியனை அளந்தால், இறக்கம் அட்டவணை சொல்லும் 3.9 கலை அல்ல, 17 கலைக்கு மேல். தொடுகோடு தொடுமுன்னே கரை குறுக்கிட்டுவிட்டது.

இங்கேதான் அந்தச் சாப்பாட்டுத் தட்டு. கடல் இல்லாத இடத்தில் ஒரு தொடுவானத்தைச் செய்துகொள்ளலாம். பழைய மாலுமிகளும் நில அளவையாளர்களும் இதற்குப் பாதரசம் வைத்திருந்தார்கள். பாதரசத்தின் ஆவி நஞ்சு, அதை விடுங்கள். கராச்சில் கிடைக்கும் கழிவு ஒயில் அதைவிட நல்லது: கறுப்பு, தடிப்பு, காற்றுக்குச் சுலபத்தில் அசையாது. தட்டம் 20 சென்ரிமீற்றர் அகலம், ஒயில் அரை சென்ரிமீற்றர் ஆழம். ஆழம் கூடினால் ஆடி அடங்க நேரமெடுக்கும்.  காற்றுப் பக்கம் இரண்டு சீமெந்துக் கல்லை நிறுத்துங்கள். லொறி போகும் றோட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

தட்டத்தில் சூரியனின் பிம்பம் தெரியும் இடத்தில் குந்துங்கள். செக்ஸ்டன்டின் நிழற்கண்ணாடி இரண்டையும் போட்ட பிறகுதான் கண்ணை வைக்கவேண்டும். கருவியின் கையை நகர்த்தி மேலே உள்ள சூரியனை இறக்கி, ஒயிலில் உள்ள சூரியன்மேல் வட்டத்தின்மேல் வட்டமாக ஏற்றுங்கள். வாசிப்பு உண்மையான உயரத்தின் இரு மடங்கு. ஒழுங்கு முக்கியம்: முதலில் கருவியின் சொந்தப் பிழையை நீக்கவேண்டும், பிறகு இரண்டால் வகுக்கவேண்டும், அதன்பின்தான் காற்று முறிவை, அதாவது காற்றில் ஒளி வளைவதால் கூடித் தெரியும் உயரத்தை, கழிக்கவேண்டும். வகுத்த பிறகு கருவிப் பிழையைக் கழித்தால் கழிக்கவேண்டியதைப்போல் இரு மடங்கு கழிந்துவிடும். வட்டத்தோடு வட்டம் பொருத்தியதால் சூரியனின் அரைவிட்டம் கணக்கில் வராது. தொடுவான இறக்கமும் வராது. இன்று காலை 9.30க்கு இங்கே வாசிப்பு ஏறக்குறைய 97 பாகை 20 கலை. பாதி, 48 பாகை 40 கலை. முறிவு ஒரு கலை.

நண்பகலில் செய்யலாமே என்று தோன்றும். முடியாது. செக்ஸ்டன்டுகள் பொதுவாக 120 பாகை சொச்சத்தோடு நின்றுவிடும், ஆகவே தட்டத்தில் 60 பாகைக்கு மேற்பட்ட உயரத்தை அளக்க வழியில்லை. இந்த நாட்களில் திருகோணமலையில் உச்சிச் சூரியன் 82 பாகை அளவில் நிற்கிறது. ஏப்ரல் 12 அளவிலும் ஆகஸ்ட் 31 அளவிலும் நேர் தலைக்கு மேல். நண்பகல் உயரம் 60க்குக் கீழே இறங்குவது நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை மட்டும். அதுதான் மாரிமழை கொட்டும் காலம், சூரியனைக் காண்பதே அரிது.

இதே தந்திரம் மேசன்மாரிடமும் உண்டு. மட்டம் பார்க்கும் கருவியை ரசமட்டம் என்கிறோம். அதற்குள் இருப்பது சாராயக் கலவையும் ஒரு காற்றுக் குமிழும்.  வீட்டின் நாலு மூலைக்கும் ஒரே மட்டம் குறிக்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் இன்னும் நம்பகமானது. அது பிழைக்கும் வழி மூன்று: குழாய்க்குள் குமிழ் தங்குவது, ஒரு நுனியைப் பெருவிரலால் மூடியபடி வாசிப்பது, குழாயின் ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் கிடப்பது. குமிழ்தான் பெரும்பாலும் குற்றவாளி. தண்ணீரை வாளியிலிருந்து மெதுவாக உறிஞ்சி நிரப்பி, இரண்டு நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒரே மட்டம் வருகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். மேசன் கண்டுபிடிப்பது தொடுவானம் அல்ல, கிடை. இரண்டும் ஒன்றாவது கண் கடல் மட்டத்திலேயே இருக்கும்போது மட்டும்.

துறைமுகத்தின் மறுகரையில் சீனக்குடா விமானத்தளம். விமானியின் முன்னால் உள்ள மேல்பாதி நீலம், கீழ்பாதி மண்நிற வட்டமும் கிடையைத்தான் காட்டுகிறது. உள்ளே வேகமாகச் சுழலும் ஜைரோ தன் திசையை விடாது, விமானம் சரிய அது சரியாமல் நிற்கும். இரவில் கடல்மேல் பறப்பவருக்கு அது ஏன் தேவை என்பதை டச்பேயில் நின்றே உணரலாம். நிலா இல்லாத இரவில் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகளும் தாழ்ந்த நட்சத்திரங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். வள்ள வரிசை சாய்வாக இருந்தால் கண் அதையே தொடுவானமாக எடுத்துக்கொள்ளும்.

நாள் 4, மார்ச் 23: கன்னியா, பின் பேக்பே

குச்சி மொத்தம் 21 சென்ரிமீற்றர்.

மண்ணியலிலும் ஹொரைசன் உண்டு. இணையத்தில் ஒருவர் அதை மண் தொடுவானம் என்று மொழிபெயர்த்திருந்தார். மண்ணுக்குள் எது எதைத் தொடுகிறது? விவசாயப் பாடப்புத்தகத்தின் சொல் படை. அதுவே சரி. தரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கும், நிறத்தாலும் தன்மையாலும் மேலே கீழே உள்ளவற்றோடு வேறுபடும் மண் பட்டை.

கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகளுக்குப் போகும் பக்கம், கடற்கரையை விட்டு உள்ளே ஏறியதும் மண் சிவக்கத் தொடங்கும். காணிக்காரரிடம் கேட்டு ஒரு குழி. நீளம் ஒன்றரை மீற்றர், அகலம் முக்கால், ஆழம் ஒரு மீற்றர். பார்க்கும் முகம் வெயில் விழும் பக்கமாக இருக்கட்டும். அந்த முகத்துக்கு மேலே தரையில் நிற்கவோ மண்ணைக் கொட்டவோ கூடாது, முதல் படை கெட்டுவிடும். ஒரு மீற்றர் இருபதுக்கு மேல் தோண்டிய மணற்குழிக்குள் இறங்கக்கூடாது, பக்கம் சரியும். மண்வெட்டி முகத்தை வழித்துப் பூசி மினுக்கிவிடும். படை தெரியவேண்டுமானால் கத்தி நுனியால் மேலிருந்து கீழாகச் சிறுசிறு கட்டிகளாகப் பிடுங்கி எடுக்கவேண்டும்.

மேலே இலைச் சருகு, உக்கல்: ஓ படை. இந்த வறண்ட நாட்டில் அது ஒரு விரற்கடைகூட இருக்காது, வெயிலில் விரைவாக எரிந்து போகிறது. அடுத்தது ஏ படை, இருண்ட செம்பழுப்பு, வேர்கள் நிறைய, சாண் அளவு ஆழம். அதன் கீழே பி படை. களி மேலிருந்து கழுவி இறங்கி இங்கே சேர்கிறது, ஆகவே நிறம் நல்ல சிவப்பு, பிடித்தால் ஒட்டும், இடையிடையே வெள்ளைப் பளிங்குச் சரளை. காய்ந்தால் கல்லுப்போல ஆகும். முதல் மழைக்கு முன் இதை உழ முடியாது, மழை கூடினால் சேறாகி உழவு இயந்திரத்தை விழுங்கும். இரண்டுக்கும் இடையிலே கிடைக்கும் சில நாளைத்தான் கமக்காரர் காத்திருந்து பிடிக்கிறார். அதற்கும் கீழே சி படை, உக்கிய பாறை, பாறையின் கோடுகள் இன்னும் தெரியும், ஆனால் கத்தி இறங்கும். கத்தி இறங்காவிட்டால் ஆர் படை, கெட்டிப் பாறை.

நிறத்தை நனைத்துப் பாருங்கள். காய்ந்த மண் எல்லாமே வெளிறித்தான் தெரியும். களியின் அளவு அறிய ஒரு பிடி மண்ணை மா பிசைவதுபோல் நனைத்துப் பிசைந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாடாவாகத் தள்ளவேண்டும். இரண்டரை சென்ரிமீற்றருக்குள் முறிந்தால் களி குறைவு. ஐந்தைத் தாண்டி நீண்டால் களிமண்தான். ஏ படை முறியும், பி படை நீளும். அதே மேட்டிலிருந்து வயலுக்கு இறங்கித் தோண்டினால் சிவப்பு போய்ச் சாம்பல் நிறம், துருப்பிடித்த புள்ளிகள். தண்ணீர் தேங்கிக் காற்று இல்லாமற் போன அடையாளம். நிலாவெளி மணலில் தோண்டினால் பி படையே கிடையாது, மேலிருந்து கீழே மணல். தண்ணீரைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லாததால் அங்கே தோட்டத்துக்கு அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கவேண்டியிருக்கிறது.

பின்னேரம் திரும்ப டச்பே. சூரியன் ஊர்ப்பக்கம் 6.15 அளவில் மறைந்ததும் கிழக்கே பாருங்கள். கடலை ஒட்டி ஒரு கருநீலப் பட்டி, அதன்மேல் மங்கலான ரோசாப் பட்டி. கருநீலம் பூமியின் நிழல், வளிமண்டலத்தில் விழுந்து மேலேறுகிறது. இதைச் சொல்ல அடிவானம் என்ற சொல்தான் வேண்டும்: கோடு அல்ல, வானத்தின் அடிப்பகுதி. அடிவானத்தில் மேகம் என்று எழுதலாம், தொடுவானத்தில் மேகம் என்று எழுதினால் கொஞ்சம் இடிக்கிறது.

6.36 முதல் 7.00 வரை நட்சத்திரமும் கடற்கோடும் சேர்ந்து தெரியும். மாலுமிகள் நட்சத்திரத்தை அளக்க அந்த 24 நிமிடம்தான் கிடைக்கும். கிழக்குத் தொடுவானம் முதலில் கறுக்கும், ஆகவே கிழக்கு நட்சத்திரங்களை முதலில் முடித்துவிடவேண்டும். கடற்கோடு மறையுமுன், ஏழு மணிக்குள், பேக்பே பக்கம் போய் வடக்கே கையை நீட்டி முட்டியைக் கடற்கோட்டின்மேல் வையுங்கள். ஒரு முட்டி 10 பாகை. முட்டியின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே துருவ நட்சத்திரம். ஊரின் அகலக்கோடு எட்டரை, நட்சத்திரத்தின் உயரமும் ஏறக்குறைய எட்டரை. இவ்வளவு தாழ்வில் கடல் ஆவி மங்கலாக்கிவிடும், மழை கழுவிய இரவுக்குக் காத்திருங்கள்.

கருந்துளைக்கும் ஹொரைசன் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர் வொல்ஃப்காங் ரிண்ட்லர், 1956இல். அதைத் தாண்டி உள்ளே நடப்பது எதுவும் ஒளியாகக்கூட வெளியே வராது. சூரியனை அவ்வளவு நசுக்கினால் அந்த எல்லையின் ஆரை 3 கிலோமீற்றர், பூமிக்கு 9 மில்லிமீற்றர். 2019 ஏப்ரல் 10 வெளியான, எம் 87 என்ற விண்மீன் பேரடையின் நடுவே உள்ள கருந்துளையின் படத்தில் நடுவே தெரியும் கருமை அந்த எல்லை அல்ல, அதைவிடப் பெரிய அதன் நிழல். டச்பேயில் தொடுவானம் ஆளுக்கு ஆள் மாறும், எழும்பினால் விலகும். கருந்துளையின் எல்லை பார்ப்பவரைக் கேட்பதில்லை. நிகழ்வு எல்லை என்ற தமிழே போதும். பிரபஞ்சத்தில் நாம் பார்க்கக்கூடிய தூரத்தின் விளிம்பு வேறு கதை. அது 46 பில்லியன் ஒளியாண்டில் இருக்கிறது, வேறொரு விண்மீன் பேரடையில் நிற்பவருக்கு வேறோர் இடத்தில் இருக்கும். அதைத் தொடுவானம் என்றால் நான் ஒப்புக்கொள்வேன்.

நாள் 5, மார்ச் 24: டச்பே

28 சென்ரிமீற்றர். ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் கூடக் குறைய வந்தால் குச்சி சாய்ந்திருக்கும், அல்லது நேற்றோ இன்றோ பிந்திக் குறி வைத்திருப்பீர்கள்.

தொடுவதன் கணக்கில் நம்மவர் வைத்த இன்னொரு பெயர் மிச்சம் இருக்கிறது. லக்னம். வடமொழியில் லக்ன என்றால் ஒட்டியது, பற்றியது. சாதகம் எழுதும்போது கேட்கும் லக்னம் என்பது அந்த நேரத்தில், அந்த ஊரில், கிழக்குத் தொடுவானத்தை ஒட்டி எழும் ராசிப் புள்ளி. சோதிடத்தை நம்புவது அவரவர் பாடு. கணக்கு வானியல். சரிபார்ப்பதும் சுலபம்: சூரியன் எழும் கணத்தில் லக்னமும் சூரியனும் ஒரே இடத்தில்தான் இருக்கவேண்டும். பங்குனியில் சூரியன் மீனத்தில், ஆகவே இன்று 6.08க்கு லக்னம் மீனம். ஒரு மென்பொருள் இந்த நேரத்துக்குக் கும்பம் என்று காட்டினால் ஊரோ நேரவலயமோ பிழையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ராசிக்கு இரண்டு மணி என்று வாயால் கணக்குப் போடுவார்கள். இந்த அகலக்கோட்டில் சில ஒன்றே முக்கால் மணியில் எழும், சில இரண்டு மணி பத்து நிமிடம் எடுக்கும். அந்தக் கணக்கில் எடுப்பதும் கடலில் தெரியும் கோட்டை அல்ல, கிடையை. பஞ்சாங்கங்கள் உதயத்தில் வேறுபடுவதற்கும் இது ஒரு காரணம். மேல் விளிம்பு கண்ணுக்குத் தெரிவதை உதயம் என்பவருக்கும், வட்டின் நடு கிடையைத் தொடுவதை, காற்று முறிவைச் சேர்க்காமல், உதயம் என்பவருக்கும் இடையில் 3 நிமிடம் 20 செக்கனுக்குக் கிட்ட வித்தியாசம்.

ஊர் நேரமும் உண்டு. இலங்கையின் மணிக்கூடு 82 பாகை 30 கலை நெடுங்கோட்டுக்கு ஓடுகிறது, திருகோணமலை 81 பாகை 14 கலையில் இருக்கிறது. ஐந்து நிமிடம் பிந்தும்.

பெரிய பிழை வருவது வேறிடத்தில். 1996 மே 25 அன்று மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26 அரை மணி பின்னே. 2006 ஏப்ரல் 15தான் பழைய இடத்துக்கு வந்தது. இடைப்பட்ட பத்து வருசத்தில் பிறந்தவரின் நேரத்தை இப்போதைய நேரமாக எண்ணிக் கணித்தால் லக்னம் ஏழெட்டுப் பாகை தள்ளிப்போகும், 1996இன் அந்த ஐந்து மாதத்துக்கு அரை ராசி. அந்தக் காலத்தில் வீடுகளில் பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுத்தான் எதையும் எழுதினார்கள். குறிப்புக் கொப்பியில் பிறந்த நேரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘ப.நே’ என்று இருந்தால் அழித்துவிடாதீர்கள்.